நூற்பட்டியலும் சாட்சியமும்

ஆய்வுக்கட்டுரையின் இறுதியில் இடம்பெறும் நூற்பட்டியலை வாசகரில் பலர் படிப்பதில்லை. எழுதுவோரிலும் பலர் அதனைக் கடைசி இரவின் வேலையாகவே கருதுகின்றனர். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு ஆகிய நான்கையும் வரிசைப்படுத்திவிட்டால் கடமை முடிந்தது என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. ஆயின், பெயர்களோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு நூலைக் குறித்தும் நான்கைந்து வரிகளில் ஒரு குறிப்பும் எழுதுக என இறையியற் கல்லூரி தன் மாணவரைக் கேட்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பெயரை எழுத நூலின் முகப்பைப் பார்த்தால் போதும். குறிப்பை எழுத நூலைப் படித்திருக்கவேண்டும். இவ்வாறு அமையும் குறிப்புரை நூற்பட்டியலைப் பற்றியே இக்கட்டுரையில் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம்.

திருத்துவதற்காக நம் மேசைக்கு வரும் ஆய்வுக்கட்டுரைகளின் குறிப்புரைகளில் மூன்று குறைகள் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. முதலாவது, எந்த நூலுக்கும் பொருந்தக்கூடிய பாராட்டு: மிகவும் பயனுள்ள நூல், ஆழமான ஆய்வு, அனைவரும் படிக்கவேண்டியது என்பன போன்றவை. இரண்டாவது, நூலின் பின்னட்டையிலிருந்தோ மற்றொருவரின் பட்டியலிலிருந்தோ எடுக்கப்பட்ட சொற்கள். மூன்றாவது, நூல் கூறுவது யாதெனச் சொல்லாமலே அதன்மேல் வழங்கப்படும் தீர்ப்பு. இம்மூன்றும் நடைக்குறைகள் அல்ல. உண்மையைப் பற்றிய குறைகள் என்பதே நம் கருத்து. குறிப்புரை என்பது ஒருவகைச் சாட்சியம். தனக்காகப் பேச முடியாத ஓர் ஆசிரியரைக் குறித்து, அவர் நூலை இன்னும் காணாத ஒரு வாசகர் முன், நாம் சொல்லும் சாட்சியம் அது. அதனைச் சாட்சியத்திற்குரிய அச்சத்தோடு எழுதுகிறோமா என்பதே கேள்வி.

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. திருச்சபையின் வரலாற்றிலேயே புகழ்பெற்ற குறிப்புரைப் பட்டியல்கள் உண்டு. அவற்றுள் நான்கினை எடுத்து, அவற்றின் நிறையையும் குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பது நம் மாணவர்க்குப் பயன் தரும்.

ஜெரோமின் பட்டியல்

கி.பி. 392-93-ஆம் ஆண்டுகளில் பெத்லகேமில் வாழ்ந்த ஜெரோம், புகழ்பெற்ற கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். 135 சிறு அதிகாரங்கள் கொண்ட அந்நூல் அப்போஸ்தலனாகிய பேதுருவில் தொடங்குகிறது. ஒவ்வொருவரும் யார், என்னென்ன எழுதினார் என்பதை அது கூறிச் செல்கிறது. கெல்சஸ், பொர்பிரி, ஜூலியன் முதலியோர் திருச்சபையைக் கல்லாதார் கூட்டம் என எள்ளியதற்கு மறுமொழியாகவே ஜெரோம் இதனை எழுதினார். அவர் நோக்கம் பழுதற்றது. ஆனால் நோக்கம் நன்றாயிருந்தால் சாட்சியமும் நன்றாயிருக்கும் என்பதில்லை.

முதல் 78 அதிகாரங்களின் செய்திகளில் பெரும்பகுதி யூசேபியஸ் எழுதிய திருச்சபை வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டது. யூசேபியஸ் தமக்குப் பெரிதும் துணைநின்றார் என்பதை முன்னுரையில் ஜெரோம் ஒப்புக்கொள்கிறார். எனினும், அதிகாரங்களுக்குள்ளே புகும்போது, அவர் தாமே படித்த நூல் எது, யூசேபியஸ் சொல்லக் கேட்ட நூல் எது என்பதை வாசகர் பிரித்தறிய முடிவதில்லை. இரண்டும் ஒரே உறுதியான தொனியில் பேசுகின்றன. முன்னுரையில் ஒரு முறை நன்றி கூறிவிட்டால் உள்ளே எடுத்ததெல்லாம் நம்முடையதாகிவிடும் என்னும் எண்ணத்திற்கு இஃது ஒரு தொன்மையான எடுத்துக்காட்டு. ஆசையும் ஓரிடத்தில் அவரை வழுக்கியது. பவுலுக்கும் உரோமைத் தத்துவ அறிஞர் செனெக்காவுக்கும் இடையே நடந்தனவாக வழங்கிய கடிதங்களைச் சான்றாகக் கொண்டு, செனெக்காவையும் தம் பட்டியலில் சேர்த்தார். அக்கடிதங்கள் போலியானவை என்பது இன்று ஆய்வாளரால் பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. பட்டியலை நீட்டவேண்டும் என்ற விருப்பம் சான்றைச் சோதிக்கும் கண்ணை மறைத்துவிடுகிறது. பதினைந்து நூல்கள் வேண்டும் என ஆசிரியர் கேட்டதனால் பதினான்காவதையும் பதினைந்தாவதையும் எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்க்கும் மாணவரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்.

ஆயினும் அதே ஜெரோமிடம் நாம் கற்கவேண்டிய நேர்மையும் உண்டு. அந்நாளில் அந்தியோகியாவில் மூப்பராயிருந்த யோவான் கிறிசோஸ்தமைக் குறித்து எழுதுகையில், அவர் பல நூல்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது என்றும், அவற்றுள் குருத்துவத்தைப் பற்றிய ஒன்றை மட்டுமே தாம் படித்திருப்பதாகவும் ஜெரோம் கூறிவிடுகிறார். நூல் முழுவதிலும் மிகச் சிறந்த குறிப்புரை இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. கிறிசோஸ்தமின் புகழ் இதனால் குறையவில்லை. ஜெரோமின் மதிப்போ உயர்கிறது. எவ்வளவு படித்தோம் என்று சொல்பவரின் சொல்லையே நாம் நம்பிப் பின்செல்ல முடியும்.

மிலான் நகரப் பேராயர் அம்புரோசைக் குறித்து அவர் எழுதியது இதற்கு நேர்மாறானது. அம்புரோசு இன்னும் உயிரோடிருப்பதால் தம் கருத்தைச் சொல்லாது விடுவதாகவும், சொன்னால் முகத்துதி என்றோ உண்மையைச் சொல்லிவிட்டார் என்றோ பழிவரும் என்றும் அவர் எழுதுகிறார். கருத்தைச் சொல்லவில்லை என்ற போர்வையில் கருத்தைக் குத்தலாகச் சொல்லிவிட்ட தந்திரம் அது. சொல்வதாயின் காரணத்தோடு சொல்லவேண்டும், இல்லையேல் வாய்மூடியிருக்கவேண்டும். ஜாடையாகப் பேசுவது சாட்சியின் வேலையன்று.

இந்நூல் அகஸ்தீனின் கைக்கு எட்டியபோது, ஏறக்குறைய 397-ஆம் ஆண்டில், அவர் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். திருச்சபை தள்ளிய போதகர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கும்போது, அவர்கள் எப்பொருளில் தவறினர் என்பதையும் குறித்திருக்கலாமே என்பது அகஸ்தீனின் முறையீடு. குறிப்புரையில் மதிப்பீடு வேண்டுமா, வேண்டாமா என இன்று வகுப்பறையில் நாம் நடத்தும் விவாதம் 1,600 ஆண்டுகட்கு முன்பே நடந்திருக்கிறது. அகஸ்தீன் கேட்டது நியாயமே. பசியோடு வருபவருக்கு எது உணவு, எது நஞ்சு என்று சொல்லாமல் பண்டசாலையின் கதவை மட்டும் திறந்துவிடுவது போதாது. ஆனால் தவறு இன்னதென்று சொல்வதற்கு முன் நூல் இன்னது சொல்கிறது என்று சொல்லியாகவேண்டும். இதனைச் செய்து காட்டியவர் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர்.

போத்தியஸின் வாசிப்பு

ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் முதுபெருந்தந்தையாக விளங்கிய போத்தியஸ், தம் சகோதரர் தராசியுஸுக்காக, தாம் படித்த நூல்களைப் பற்றிய பெருந்தொகுப்பு ஒன்றை எழுதினார். இன்றைய பதிப்புகளில் அது ஏறத்தாழ 280 பகுதிகளாக எண்ணப்படுகிறது. சில பகுதிகள் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடும். சில பல பக்கங்கள் நீளும். கிறிஸ்தவ நூல்களோடு கிறிஸ்தவர் அல்லாதார் எழுதிய வரலாறுகளும் கதைகளும் மருத்துவ நூல்களும் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றையும் பற்றிப் படித்தேன் என்று தொடங்கி, அதன் பொருளைச் சுருக்கி, நடையின் தெளிவையும் குறையையும் கூறி, தேவையான இடத்தில் கொள்கையைக் கண்டிப்பதும் அவர் வழக்கம்.

ஆரிய மதத்தின் பக்கம் நின்று திருச்சபை வரலாறு எழுதிய பிலோஸ்தோர்கியஸை போத்தியஸ் கையாளும் விதம் நம் கவனத்திற்குரியது. கொள்கையில் அவரைக் கடுமையாகவே மறுக்கிறார். அவர் எழுதியது வரலாறு அன்று, தம் கட்சியாரைப் புகழும் பாட்டு என்னும் பொருள்படப் பேசுகிறார். எனினும் அவருடைய நடையில் அழகுண்டு என்பதை மறைக்கவில்லை. அதோடு நில்லாது, அவ்வரலாற்றின் சுருக்கத்தையும் தனியே எழுதிவைத்தார். பிலோஸ்தோர்கியஸின் மூலநூல் பின்னர் மறைந்தது. இன்று அவர் சொன்னதை நாம் அறிவது பெரும்பாலும், அவரை மறுத்த போத்தியஸின் சுருக்கத்தின் வழியே ஆகும். பாரசீக வரலாறு எழுதிய கிரேக்கராகிய தெசியாஸின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இதனை நாம் ஆழ்ந்து எண்ணவேண்டும். மறுப்பவர் ஒருவரின் குறிப்புரை, மறுக்கப்பட்டவரின் நினைவைக் காக்கும் பேழையாகிவிட்டது. போத்தியஸ் தம் எதிரியின் சொற்களைத் திரித்திருந்தால் அத்திரிபைத் திருத்த இன்று வழியே இராது. நாம் குறிப்பெழுதும் நூல் மறையப்போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் வாசகர் பெரும்பாலோருக்கு அது மறைந்த நூலே. சிற்றூர்ச் சபையில் பணிபுரியும் ஆயருக்குக் கல்லூரி நூலகம் எட்டாத் தொலைவில் இருக்கிறது. நம் நான்கு வரிகளே அவர் அறியப்போகும் நூல்.

தமிழ் மரபில் பாயிரம்

குறிப்புரை என்பது மேல்நாட்டார் கொண்டுவந்து நம்மேல் ஏற்றிய சுமை என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் நன்னூலை மறந்துவிட்டனர். நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரம் எவ்வெச் செய்திகளைச் சொல்லவேண்டும் என்று பவணந்தி முனிவர் அதில் வரையறுத்திருக்கிறார். நூலைச் செய்தவர் யார், அது எந்நூலின் வழி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு தொடுக்கப்பட்டது, எப்பொருளைப் பேசுகிறது, யார் கேட்பதற்குரியது, கேட்டவர் பெறும் பயன் யாது என்னும் எட்டும் கட்டாயமானவை. இவ்வெட்டையும் ஒரு மாணவர் தம் குறிப்புரையில் சொல்லிவிட்டால் நாம் குறைகூற அதிகம் இராது. குறிப்பாக, நூல் எதன் வழி வந்தது, யாருக்காக எழுதப்பட்டது என்னும் இரண்டும் நம் குறிப்புரைகளில் அநேகமாக விடுபட்டுப்போகின்றன.

பாயிரம் எழுதும் தகுதி யாருக்கு உண்டு என்பதையும் அம்மரபு கூறுகிறது. ஆசிரியரின் ஆசான், உடன் பயின்றவர், மாணாக்கர், தகுதியுள்ள உரையாசிரியர் ஆகியோரே அதற்குரியவர். அஃதாவது, நூலையும் நூலாசிரியரையும் நெருங்கி அறிந்தவரே பேசலாம். நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளலாகாது. தம் பட்டியலின் 135-ஆவது இடத்தில் தம்மையே வைத்துக்கொண்ட ஜெரோமுக்குப் பவணந்தியார் இடங்கொடுத்திருக்கமாட்டார்.

பாயிரத்திற்கும் ஒரு வரம்பு உண்டு. அது நூலைச் சிறப்பிக்கவே பிறந்தது. குறை சொல்வது அதன் வேலையன்று. நம் மாணவர் எழுதும் பாராட்டுக் குறிப்புகள் இம்மரபின் எச்சமோ என்றுகூட ஐயுறுகிறோம். ஆனால் பாயிரத்தின் எட்டுச் செய்திகளை விட்டுவிட்டு, அதன் புகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் மரபைக் காத்தவர் ஆகமாட்டோம்.

சீகன்பால்கு கண்ட தமிழ் நூல்கள்

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று சந்தித்த இடம் தரங்கம்பாடி. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அங்கு வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புரையோடு கூடிய பட்டியல் ஒன்றை ஜெர்மன் மொழியில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கிறிஸ்தவர் நூல்கள், இஸ்லாமியர் நூல்கள் ஆகியவற்றோடு, இந்து, சமண சமயங்களைச் சார்ந்தோர் எழுதிய 119 நூல்கள் அதில் தனிப்பிரிவாக இடம்பெற்றுள்ளன. திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்று நீதிநூல்களையும் அதே 1708-இல் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இப்பட்டியலை நாம் மதிப்பதற்குக் காரணம் அதன் எண்ணிக்கை அன்று. எழுதியவர் வயது அப்போது இருபத்தைந்து அல்லது இருபத்தாறு. அறியாமையில் கிடக்கும் மக்களிடம் செல்கிறோம் என்னும் எண்ணத்தோடு ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டவர் அவர். தமிழைக் கற்று நூல்களைப் படிக்கப் படிக்க, இம்மக்களிடம் ஒழுங்குடைய மொழியும் நீதியும் கல்வித்துறைகளும் இருக்கக் கண்டு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டதைப் பட்டியலின் முன்னுரையில் அவரே தெரிவிக்கிறார். நூல்களின் சமயக் கொள்கையை அவர் ஏற்கவில்லை; மறுக்கவேண்டிய இடத்தில் தயங்கவுமில்லை. ஆனால் நூல் என்ன சொல்கிறது, யார் அதனைப் பயில்கின்றனர், பள்ளியில் அதற்கு என்ன இடம் என்பனவற்றை முதலில் சொல்லுகிறார். படித்ததினால் மாறிய மனிதரின் கை அக்குறிப்புகளில் தெரிகிறது. குறிப்புரை எழுதுவோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வியும் இதுவே: இந்நூலைப் படிக்குமுன் நாம் எண்ணியிராத ஒன்று, படித்தபின் நம் குறிப்பில் இடம்பெற்றிருக்கிறதா?

குறைகள் இல்லாமலில்லை. நூலாசிரியர் பெயரையும் காலத்தையும் பெரிதும் பிறர் சொல்லக் கேட்டே எழுதினார். நூற்பெயர்களை ஜெர்மானியச் செவிக்குக் கேட்டபடி எழுதியதனால், இன்ன நூல் என்று அறியப் பிற்காலத்தார் சில இடங்களில் இடர்ப்பட நேர்ந்தது. ஆயினும், பெயர் சிதைந்த இடத்தில் குறிப்பு கைகொடுத்தது. பொருள் இன்னது என அவர் எழுதிவைத்ததைக் கொண்டு நூலை இனங்காண முடிந்தது. இப்பட்டியல் 1880-இல்தான் வில்ஹெல்ம் கெர்மானால் அச்சேற்றப்பட்டது. இந்து, சமண நூல்களைப் பற்றிய பிரிவு 1967-இல் ஆல்பர்ட்டைன் கௌர் அம்மையாராலும், 2012-இல் வில் சுவீட்மன், இலக்குவன் ஆகிய இருவராலும் விரிவாக ஆராயப்பட்டது. வெறும் பெயர்ப்பட்டியலாக இருந்திருப்பின் இவ்வுழைப்புக்கு இடமே இருந்திராது.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி முடித்த பெருநூலும் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. 1867-இல் சென்னையில் கெர்மான் அதனை வெளியிட்டார். பிறர் நூலைப் பிறர் சொன்னபடியே எடுத்துரைப்பது அவரை அனுப்பியவர்களுக்கு உடனே உவப்பான பணியாக இருக்கவில்லை என்பதை இத்தாமதம் உணர்த்துகிறது. நேர்மையான குறிப்புரைக்கு உடனடிப் பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

மர்டாக்கின் வகைப்பாடு

நான்காவதாக, ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட அச்சுத் தமிழ் நூல்களின் வகைப்பாட்டுப் பட்டியலைக் குறிப்பிடவேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மர்டாக், இந்தியருக்கான கிறிஸ்தவ இலக்கியப் பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். புலவர்கள் பொருட்படுத்தாத அம்மானை, நாடகம் முதலிய எளிய வெளியீடுகளையும் அவர் விடாது தொகுத்ததனால், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுலகை ஆராய்வோர் எவரும் அவரைக் கடந்து செல்ல முடிவதில்லை. தமிழக அரசின் சார்பில் 1968-இல் அப்பட்டியல் மறுபதிப்புப் பெற்றதே அதன் தகுதிக்குச் சான்று.

ஆயினும் குறிப்புரை என்ற வகையில் அது சீகன்பால்கின் பட்டியலுக்குப் பின்தங்கியே நிற்கிறது என்பது நம் துணிபு. மர்டாக்குக்கு ஒரு கேள்வி முன்கூட்டியே இருந்தது. இம்மக்கள் எவற்றைப் படிக்கின்றனர், அவற்றின் இடத்தில் எவ்வகைக் கிறிஸ்தவ நூல்களை வைக்கலாம் என்பதே அக்கேள்வி. கேள்வி இருப்பது குற்றமன்று. கேள்வியில்லாத பட்டியல் ஆய்வுக்கே உதவாது. அவருடைய குறையோ, அக்கேள்வி நூல்களைப் பேசவிடாமல் முந்திக்கொண்டதாகும். சமயத்தை அளவுகோலாகக் கொண்டே நூல்களைப் பிரித்தடுக்கிறார். சிலவற்றை ஒழுக்கத்தின் பெயரால் ஓரிரு சொற்களில் தள்ளிவிடுகிறார். பாடநூல்களில் சிலைவழிபாடும் ஒழுக்கக்கேடும் இருப்பதாகக் குற்றஞ்சாட்டி 1872-இல் அவர் வெளியிட்ட நூலிலும் இதே மனப்போக்கைக் காணலாம். சீகன்பால்கு படித்து மாறினார். மர்டாக் படித்து உறுதிப்பட்டார். இருவரும் ஒரே ஆண்டவருக்கு ஊழியம் செய்தவர்களே. எனினும், அயலாரின் நூலைப் பற்றிய சாட்சிகளாக இருவரையும் ஒரே நிறையில் வைக்க நம்மால் இயலவில்லை.

நம் ஆய்வுக்கட்டுரைகளில்

இனி நம் மாணவரின் மேசைக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் என்பது ஓர் ஆய்வுக்கட்டுரையின் பொருள் என்று வைத்துக்கொள்வோம். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. 1995-இல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. இச்சொற்களை முன்னிட்டுச் சபைகளில் மனத்தாங்கல்கள் இன்றும் எழுகின்றன. ஆதலின் இஃது ஏட்டுச் சர்ச்சை மட்டும் அன்று. இப்பொருளுக்கு மூன்று நூல்களை எடுத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1967-இல் வெளியிட்ட கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு என்னும் நூலுக்கு, வேதாகம வரலாற்றை விளக்கும் அருமையான நூல் என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார். யாரும் பயன்பெறவும் மாட்டார். மாறாக இவ்வாறு எழுதலாம்: தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காலவரிசையில் எடுத்துரைக்கும் நூல், திருச்சபைப் பொறுப்பில் இருந்தவர் தமிழிலேயே, தமிழ்ச் சபையாருக்காக எழுதியது, எந்த மொழிபெயர்ப்பு எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பதை அறிய நம் கட்டுரையின் முதற்பகுதிக்கு அடித்தளமாகிறது.

டென்னிஸ் ஹட்சன் 2000-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட, 1706 முதல் 1835 வரையிலான தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களைப் பற்றிய நூலுக்குக் குறிப்பெழுதுகையில், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற தமிழ்க் கிறிஸ்தவரை நடுவில் நிறுத்தி, மிஷனரிமாரை அவர் கண்கொண்டு காணச்செய்யும் நூல் இது என்பதைச் சொல்லவேண்டும். காலவெல்லை 1835-உடன் முடிவதால் ஐக்கிய மொழிபெயர்ப்பைப் பற்றி இதில் தேடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். நூலின் எல்லையைக் காட்டுவது குறைகூறல் அன்று. பின்வருவோரின் நேரத்தைக் காப்பதாகும்.

ஹெப்சிபா இஸ்ரேல் 2011-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. எந்தச் சொல் சரி என்று அது கேட்கவில்லை. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் போராட்டத்தின் வழியே தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் தம்மை இன்னார் என்று எவ்வாறு உருவாக்கிக்கொண்டனர் என்பதே அதன் விசாரணை. இதனைக் குறிப்பில் சொல்லாவிட்டால், குலேந்திரனாரின் நூலும் இந்நூலும் ஒரே செய்தியைக் கூறுவனபோல் தோன்றிவிடும். சொல்லிவிட்டாலோ, இரண்டும் ஒன்றையொன்று எங்கே நிரப்புகின்றன, எங்கே உரசுகின்றன என்பது புலனாகும். அவ்வுரசலில்தான் மாணவரின் சொந்த ஆய்வு பிறக்கவேண்டும். குறிப்புரைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாக நின்றால் அது பட்டியல். ஒன்றையொன்று பார்த்துப் பேசினால் அது ஆய்வின் முதற்படி.

இம்மூன்று குறிப்புகளிலிருந்தும் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. முதலில், நூலை எவ்வளவு படித்தோம் என்பது தெளிவாயிருக்கட்டும். ஓர் அதிகாரம் மட்டும் படித்திருந்தால் அவ்வதிகாரத்தின் பெயரைச் சொல்வோமாக. அடுத்து, நூலின் வாதத்தை அதன் ஆசிரியர் படித்தால் ஆம், இதுவே நான் சொன்னது என்று ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்போமாக. அதன் பின்னரே மதிப்பீடு, அதுவும் காரணத்தோடு. இறுதியாக, நம் கட்டுரையின் எப்பகுதிக்கு அது துணைசெய்கிறது என்பதைச் சொல்லி முடிப்போமாக. இந்நான்கிற்கும் நூறு, நூற்றைம்பது சொற்கள் போதும்.

கணினியைத் தட்டினால் எந்நூலுக்கும் சுருக்கம் நொடிப்பொழுதில் கிடைத்துவிடும் காலம் இது. அச்சுருக்கங்களில் எழுதப்படாத நூல்களுக்குக்கூட ஆசிரியர் பெயரும் ஆண்டும் பொருத்தமாக அமைந்திருப்பதுண்டு. கருவியை நாம் பழிக்கவில்லை. யூசேபியஸின் ஏடு ஜெரோமுக்குச் செய்ததையே இன்று கருவி நமக்குச் செய்கிறது. படிக்காததைப் படித்ததுபோல் பேசும் வசதியை அது தருகிறது. வசதி பெருகியிருக்கிறது, சோதனை பழையதுதான்.

படிக்கவேண்டிய நூல்கள் பல, மாணவருக்குள்ள நாட்கள் சில, ஆங்கில நூல்களை மெல்லப் படிப்போரின் பாடு பெரிது என்னும் தடை நியாயமானதே. ஆசிரியராகிய நாமும் இதில் பொறுப்பேற்கவேண்டும். பதினைந்து குறிப்புகள் கேட்டுப் பத்துப் பொய்களைப் பெறுவதைவிட, ஐந்து கேட்டு ஐந்து உண்மைகளைப் பெறுவது கல்லூரிக்கும் திருச்சபைக்கும் நல்லது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் இடும்வரை, எண்ணிக்கையே நமக்குக் கிடைக்கும்.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளைக்குத் தந்த விளக்கத்தை நம் சபைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவர். அயலானைப் பற்றிப் பொய் பேசாதிருப்பதோடு அக்கட்டளை முடிவதில்லை. அவனுக்காகப் பரிந்து பேசி, அவன் செயலை நல்ல முறையில் விளங்கிக்கொள்ளவும் அது நம்மைக் கட்டுகிறது என்பது அவ்விளக்கத்தின் சாரம். நூலாசிரியரும் நமக்கு அயலாரே. அவருள் சிலர் மரித்து நூற்றாண்டுகள் ஆயின. சிலர் நம் நம்பிக்கையை ஏற்காதவர். சிலர் நம்மோடு கடுமையாக முரண்படுபவர். ஆய்வுக்கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் அவர்களெல்லாரும் நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றனர். நாளை பிரசங்க பீடத்தில் நின்று திருமறையின் ஆசிரியர்களைப் பற்றியும், அயற்சமயத்தாரைப் பற்றியும், சபையில் தம்மோடு ஒவ்வாதாரைப் பற்றியும் பேசப்போகிறவர் இன்றைய மாணவரே. அப்பேச்சின் நேர்மை, இன்று அவர் எழுதும் நான்கு வரிக் குறிப்பிலேயே பழக்கத்திற்கு வருகிறது.